கிரிக்கெட் ஏலமும் கேபிள் சந்தாவும்

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தபோது, ஒரே தெருவில் இருந்த மூன்று வீடுகள் அதை மூன்று விதமாகப் பார்த்திருக்க முடியும். மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் தட்டு வைத்திருந்த வீட்டில் டிடி ஸ்போர்ட்ஸ் சேனலில் ஆட்டம் இலவசம். கையில் செல்போன் வைத்திருந்தவருக்கு டிஸ்னி ஹாட்ஸ்டார் செயலியில் இலவசம். அன்றைக்கு ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் அந்தச் செயலியில் ஆட்டம் பார்த்தார்கள் என்று நிறுவனமே அறிவித்தது. மாதாமாதம் தவறாமல் கேபிள் கட்டணம் கட்டிவந்த மூன்றாவது வீட்டுக்கு மட்டும்தான் அந்த ஆட்டத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த வீட்டு கேபிளிலும் டிடி ஸ்போர்ட்ஸ் வரிசையில் இருந்தது. ஆனால் அதைத் திருப்பினால் ஆட்டம் வராது. வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடும். காசு கட்டுகிறவருக்கு இல்லாத ஆட்டம், காசு கட்டாதவருக்கு அரசுச் சேனலில் கிடைத்தது.

இதில் யாரும் தவறிழைக்கவில்லை. சட்டத்தை மீறவும் இல்லை. எல்லாம் ஒப்பந்தப்படியும் தீர்ப்பின்படியும் நடந்தன. அதனால்தான் இதை ஆராய வேண்டியிருக்கிறது. விளையாட்டு ஒளிபரப்பில் தனியுரிமை, அதாவது ஒருவருக்கு மட்டுமேயான உரிமை, என்பது இந்தியாவில் எப்படி உருவானது, அதன் செலவு எந்தெந்த வழியாகச் சந்தாதாரர் தலையில் இறங்குகிறது, அந்தத் தனியுரிமை எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பவை ஒன்றோடொன்று பின்னிய கேள்விகள். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏலத்தில் யார் ஜெயித்தார், எத்தனை ஆயிரம் கோடி கொடுத்தார் என்பதையே நாம் செய்தியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஜெயித்தவருக்கு எதுவரை உரிமை என்பதை யாரும் கேட்பதில்லை.

1990களின் தொடக்கம்வரை இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. ஒளிபரப்பு தூர்தர்ஷனின் ஏகபோகம். ஆட்டத்தைக் காட்டுவதற்கு இந்திய கிரிக்கெட் வாரியம்தான் தங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று தூர்தர்ஷன் கேட்ட காலம் அது. ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்பது பேச்சு. 1993இல் வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைரவிழாவுக்காக ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியபோது, ஒளிபரப்பு உரிமையை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அரசு மறுத்தது, வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது: அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றின்மீது அரசுக்கு ஏகபோகம் இல்லை.

இந்தத் தீர்ப்பு தனியார் தொலைக்காட்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதே தீர்ப்பில், அரசின் ஏகபோகம் கூடாது என்றால் வேறெவருடைய ஏகபோகமும் கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. பொதுச் சொத்தைப் பொதுநலன் கருதி ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி அமைப்பு ஒன்று வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. முதல் பாதி உடனே நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பாதி இன்னும் காத்திருக்கிறது.

தனியுரிமையின் சூட்டை இந்தியாவில் முதலில் உணர்ந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கேஸ் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. இலவசச் சேனல்கள் நேரடியாகத் தெரியும். கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். டெல்லியும் மற்ற பெருநகரங்களும் அந்தத் திட்டத்தைத் தள்ளிப்போட, சென்னை மட்டும் அதில் தொடர்ந்தது. பெட்டியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்கள் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு மார்ச்சில் இந்திய அணி நெடுங்காலத்துக்குப் பிறகு பாகிஸ்தானுக்கு முழுச் சுற்றுப்பயணம் போனது. அந்தத் தொடரின் உரிமை டென் ஸ்போர்ட்ஸ் என்ற கட்டணச் சேனலிடம் இருந்தது. பெட்டி இல்லாத சென்னை வீட்டுக்கு ஆட்டம் இல்லை. பொதுநல மனு, சென்னை உயர்நீதிமன்றம், பிறகு உச்சநீதிமன்றம் என்று விவகாரம் ஓடியது. கடைசியில் டென் ஸ்போர்ட்ஸ் முத்திரையோடும் அதன் விளம்பரங்களோடும் தூர்தர்ஷன் அந்தத் தொடரைக் காட்டியது. முல்தானில் சேவாக் 309 எடுத்ததைக் கட்டணம் கட்டாத வீடுகளும் பார்த்தது அப்படித்தான்.

அந்த இடைக்கால ஏற்பாடு பிறகு சட்டமாக மாறியது. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இந்தியா வந்தது. ஒரு ஆட்டம் நம் சேப்பாக்கத்திலும் நடந்தது. வாரியத்தின் உரிமையை நிம்பஸ் நிறுவனம் நான்கு ஆண்டுகளுக்கு 61.2 கோடி டாலர் கொடுத்து வாங்கி, நியோ ஸ்போர்ட்ஸ் என்ற புதுச் சேனலைத் தொடங்கியிருந்தது. நாக்பூரில் நடந்த முதல் ஆட்டம் தூர்தர்ஷனில் வரவில்லை. ஏழு நிமிடம் தாமதமாக தூர்தர்ஷன் காட்டலாம் என்றது டெல்லி உயர்நீதிமன்றம். பக்கத்து வீட்டு கேபிளில் விக்கெட் விழுந்து கூச்சல் கேட்ட ஏழு நிமிடம் கழித்து நம் வீட்டில் அந்தப் பந்து வீசப்படும் என்றால், அதை நேரடி ஒளிபரப்பு என்று யாரும் ஒப்ப மாட்டார்கள். மத்திய அரசு பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த மாதமே அது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தேசிய முக்கியத்துவம் கொண்ட போட்டிகள் என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் சமிக்ஞையை, உரிமையாளர் தன் விளம்பரங்களை நீக்கிவிட்டு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். கிடைக்கும் விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25 பங்கு.

சட்டத்தின் நோக்கம் நியாயமானது. ஆனால் அதன் வாசகத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பிரசார் பாரதி அந்தச் சமிக்ஞையைத் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் டிடிஎச் சேவையிலும் மறு ஒளிபரப்புச் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. கேபிள் சட்டமோ, குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களை ஒவ்வொரு கேபிள் ஆபரேட்டரும் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்தால், கோடிகள் கொடுத்து வாங்கிய ஆட்டம் ஒவ்வொரு கேபிள் வீட்டிலும் டிடி நேஷனல் வழியாக இலவசமாக வந்துவிடும். வாரியமும் ஸ்டார் நிறுவனமும் வழக்குப் போட்டன. டெல்லி உயர்நீதிமன்றம் 2015இல் அவர்கள் பக்கம் நின்றது. 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது: பகிரப்படும் சமிக்ஞை தூர்தர்ஷனின் சொந்த வழிகளுக்கு மட்டுமே, தனியார் கேபிளுக்கும் தனியார் டிடிஎச்சுக்கும் போகக் கூடாது.

சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் பிழை காண்பது கடினம். விளைவைத்தான் பேச வேண்டும். தரைவழி ஒளிபரப்பு ஆன்டெனா காலத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிஞ்சுவது ஃப்ரீ டிஷ் ஒன்றுதான். அதன் பலம் வடமாநிலங்களில். அதில் வரும் தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்திச் சேனல்கள். தமிழ்நாடு கேபிள் மாநிலம். 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் புத்துயிர் பெற்றபோது, அரசே கேபிள்காரர் ஆகிவிட்ட மாநிலம் இது. எல்லாருக்கும் ஆட்டம் போய்ச் சேர வேண்டும் என்று நாடாளுமன்றம் போட்ட சட்டம், கேபிள் கம்பியில் தொங்கும் வீடுகளை அப்படியே வெளியே விட்டுவிட்டது. அரசு நினைத்திருந்தால் ஒரு சிறு திருத்தத்தில் இதைச் சரிசெய்திருக்கலாம். இறுதியாட்டத்தின்போது அந்த மூன்றாவது வீடு கண்டது அந்தத் திருத்தம் வராததன் விளைவை.

சரி, கேபிள் வீடு ஆட்டத்துக்கு என்ன விலை கொடுக்கிறது? இங்கேதான் கணக்கு சுவையாகிறது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் வெளியிட்டு 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயாக இருந்தது. வரி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்குமேல் எந்தக் கட்டணச் சேனல் வேண்டுமோ அதற்கு மட்டும் பணம். தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் உச்ச விலை 19 ரூபாய். பெரிய விளையாட்டுச் சேனல்கள் அந்த உச்சத்தை ஒட்டியே நின்றன. 19 ரூபாய்ச் சேனல் ஒன்றை ஒரு வீடு வாங்கினால், வரியோடு 22 ரூபாய் 42 காசு கட்டும். சேனல் விலையில் 80 சதவீதம், அதாவது 15 ரூபாய் 20 காசு, சேனல் நிறுவனத்துக்கு. மீதி 3 ரூபாய் 80 காசை மேல்நிலை கேபிள் நிறுவனமும் தெருவில் வயர் இழுக்கும் கேபிள்காரரும் 55-க்கு 45 என்று பிரித்துக்கொள்வது விதியில் உள்ள இயல்பு ஏற்பாடு. கேபிள்காரர் கையில் நிற்பது 1 ரூபாய் 71 காசு. ஆட்டத்தன்று படம் விட்டுவிட்டு வந்தால் போன் அவருக்குத்தான் வரும். விலை ஏறினால் வாசலில் ஏச்சு வாங்குவதும் அவர்தான்.

தனித்தனியாக வாங்கலாம் என்று விதி சொன்னாலும், நடைமுறையில் ஜெயித்தது தொகுப்பு. விஜய் டிவியும் 2017 மே மாதம் தொடங்கிய ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழும் ஒரே நிறுவனத்துடையவை. ஒரே தமிழ்த் தொகுப்பில் வந்தன. சீரியலுக்காக விஜய் டிவி கேட்கிற வீட்டில், "தனியா எடுத்தா பெருசா மிச்சமில்லைம்மா, பேக்கேஜாவே போட்டுக்கோங்க, கிரிக்கெட்டும் வந்துரும்" என்று கேபிள்காரர் சொல்வது அவர் தந்திரம் அல்ல; விலைப்பட்டியலே அப்படித்தான் போடப்பட்டிருந்தது. தொகுப்புக்குள் தள்ளுபடி தாராளம்; தனிச் சேனலுக்குக் கறார் விலை. கிரிக்கெட் பக்கமே திரும்பாத வீடும் கிரிக்கெட் ஏலத்துக்குத் தவணை கட்டியது இப்படித்தான். ஆட்டம் பார்க்காதவரின் பணம் இல்லாமல் இன்றைய ஏலத் தொகைகள் சாத்தியமே இல்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் உரிமை விலை பற்றிய எல்லா விவாதமும் 'பார்க்கிறவன் கொடுக்கிறான், உனக்கென்ன' என்ற இடத்தில் வந்து முடிந்துவிடுகிறது.

டிராய் இதைக் கவனிக்காமல் இல்லை. 2020 ஜனவரியில் கொண்டுவந்த திருத்தத்தில், 12 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது என்றது. விளையாட்டுச் சேனல்கள் தொகுப்பிலிருந்து வெளியேறும், வேண்டியவர் மட்டும் வாங்குவார் என்பது எதிர்பார்ப்பு. நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நிறுவனங்கள் புதிய விலைப்பட்டியலை வெளியிட்டபோது நடந்தது வேறு. மக்கள் அதிகம் பார்க்கும் பொழுதுபோக்குச் சேனல்களையும் விளையாட்டோடு சேர்த்தே தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து, தனி விலையை ஏற்றிவிட்டார்கள். பழைய சேனல்களையே பார்க்க விரும்பும் வீட்டின் பில் குறைவதற்குப் பதில் கூடிவிடும் நிலை. டிராய் பின்வாங்கி 2022 நவம்பரில் மீண்டும் 19 ரூபாய்க்கே வந்தது. அதற்கடுத்த விலையேற்றத்தை ஏற்க மறுத்த கேபிள் நிறுவனங்களுக்கு, 2023 பிப்ரவரி 18 அன்று ஸ்டார், ஜீ, சோனி நிறுவனங்கள் சமிக்ஞையைத் துண்டித்தன. அன்று டெல்லியில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. 4.5 கோடி வீடுகள் பாதிக்கப்பட்டன என்றது கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு. சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது, விலை ஏறியது.

விலைக்கு உச்சவரம்பு போட்டு இந்த நோயைத் தீர்க்க முடியாது என்பது இந்த மூன்றாண்டு அனுபவத்தின் பாடம். விலை ஏறுவது கடைக்கோடியில். அதற்கான காரணம் ஏலக் கூடத்தில் இருக்கிறது.

ஐபிஎல்லை எடுத்துக்கொள்வோம். 2008இல் பத்தாண்டு உரிமை நூறு கோடி டாலருக்குச் சற்று அதிகமாக விலைபோனது. 2017 செப்டம்பரில் ஸ்டார் நிறுவனம் அடுத்த ஐந்தாண்டுகளை 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்த ஏலத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தொலைக்காட்சி, இணையம், வெளிநாடு என்று பிரித்துப் பிரித்துக் கேட்டவர்களின் உச்சத் தொகைகளைக் கூட்டினால் 15,819.51 கோடி வந்தது. அனைத்தையும் மொத்தமாகக் கேட்ட ஸ்டாரின் தொகை அதைவிட 528 கோடி அதிகம். இணைய உரிமைக்கு மட்டும் 3,900 கோடி கேட்ட ஃபேஸ்புக் வெறுங்கையோடு திரும்பியது. எல்லாமே ஒருவர் கையில் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு என்பதை அந்த 528 கோடி சொல்கிறது. சந்தாதாரருக்கு வேறு போக்கிடம் இல்லாமல் செய்வதற்கான விலை அது என்றே நான் வாசிக்கிறேன்.

2022 ஜூனில் வாரியம் மொத்தமாகக் கேட்பதைத் தடைசெய்தது. அந்த முடிவைப் பாராட்ட வேண்டும். இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு 23,575 கோடி. இணைய உரிமை வயாகாம் 18 நிறுவனத்துக்கு 20,500 கோடி. மற்றவற்றையும் சேர்த்து 48,390 கோடி. 2023 முதல் 2027 வரை 410 ஆட்டங்கள். தொலைக்காட்சிக்கு மட்டும் ஆட்டத்துக்கு 57.5 கோடி. ஒரு முழு ஆட்டத்தில் 240 பந்துகள் என்றால், ஒரு பந்துக்கு ஏறக்குறைய 24 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தை விளம்பரத்திலும் சந்தாவிலும் எடுத்தாக வேண்டும்.

பிரித்துக் கொடுத்ததால் பார்வையாளருக்கு ஒரு வசந்தம் வந்தது உண்மை. வயாகாம் 18 தன் ஜியோ சினிமா செயலியில் 2023 ஐபிஎல்லை இலவசமாகத் திறந்துவிட்டது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வர்ணனை. மே மாத இறுதியில், மழையால் தள்ளிப்போன இறுதியாட்டத்தில் ஜடேஜா கடைசி இரண்டு பந்துகளில் சென்னைக்குக் கோப்பையை வாங்கித் தந்தபோது, ஒரே நேரத்தில் 3.2 கோடி பேர் அந்தச் செயலியில் பார்த்ததாக நிறுவனம் சொன்னது. ஐபிஎல்லை இழந்த ஹாட்ஸ்டாருக்கோ சந்தாதாரர்கள் கரைந்தார்கள். 2022 அக்டோபரில் 6.13 கோடியாக இருந்த எண்ணிக்கை ஓராண்டில் 3.76 கோடி ஆனது. 2023 உலகக் கோப்பையை அந்த நிறுவனம் செல்போனில் இலவசமாக்கியது இந்த இழப்பைத் தடுக்கத்தான்.

கேபிள் நிறுவனங்கள் இதை எதிர்த்து தொலைத்தொடர்புத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போயின. தொலைக்காட்சியில் காசுக்கு விற்கும் ஆட்டத்தை அதே நிறுவனம் செயலியில் சும்மா கொடுப்பது எங்கள் சந்தாதாரருக்கு இழைக்கும் பாரபட்சம் என்பது வாதம். செயலி தொலைக்காட்சிச் சேனல் ஆகாது, டிராய் விதிகள் அதற்குப் பொருந்தாது என்பதே தீர்ப்பாயத்தின் முதல்நோக்கு நிலைப்பாடாக இருந்தது. இந்த வழக்கை வியாபாரச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை எது என்பதை அதுதான் காட்டிக்கொடுத்தது.

இரண்டு கம்பெனிகள் மோதிக்கொண்டிருந்தவரை ஆட்டம் இலவசம். 2024 பிப்ரவரி 28 அன்று வயாகாம் 18-ஐ நடத்திய ரிலையன்ஸும் ஸ்டாரை நடத்திய டிஸ்னியும் இந்தியத் தொலைக்காட்சி, இணையத் தொழில்களை இணைப்பதாக அறிவித்தன. போட்டி ஆணையம் ஆகஸ்ட் 28 அன்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. நவம்பர் 14 அன்று இணைப்பு முடிந்தது. ஐபிஎல்லின் தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை, 2028 வரை இந்தியாவில் நடக்கும் இந்திய அணியின் ஆட்டங்கள், 2027 வரை ஐசிசி போட்டிகள் எல்லாம் ஒரே குடையின் கீழ். வாரியம் டெண்டரில் பிரித்துவைத்ததை இணைப்பு ஒப்பந்தம் இரண்டரை ஆண்டுக்குள் ஒட்டிவிட்டது. ஆணையம் போட்ட நிபந்தனைகளில் முக்கியமாகப் பேசப்பட்டவை விளம்பரம் பற்றியவை: ஐபிஎல், ஐசிசி, வாரிய ஆட்டங்களின் தொலைக்காட்சி விளம்பர நேரத்தை ஒன்றாகக் கட்டி விற்கக் கூடாது, கட்டணத்தை நியாயமின்றி ஏற்றக் கூடாது என்பன போன்றவை. சில சேனல்களை விற்கவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. விளம்பரம் கொடுப்பவரைக் காக்க இவ்வளவு கவனம் காட்டியவர்கள், சந்தா கட்டும் வீட்டுக்கும் அதே அளவு கவனம் காட்டியிருக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 14 அன்று இரண்டு செயலிகளும் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் வந்தது. முழு இலவசம் முடிந்தது. அறிமுகத்தின்போது செல்போனுக்கான ஆரம்பத் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். ரிலையன்ஸின் செல்போன் நிறுவனமான ஜியோவில் 299 ரூபாயோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்தவருக்கு 90 நாள் கட்டணமின்றிக் கிடைத்தது. 149 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். இல்லை, கேபிள் தொகுப்போடு ஒப்பிட்டால் மலிவு என்றே சொல்லலாம். ஆனால் 2023இல் அந்த விலை பூஜ்யமாக இருந்ததற்குக் காரணம் தாராள மனம் அல்ல, எதிரில் இன்னொருவர் இருந்தார். இன்று எதிரில் ஆள் இல்லை. கூடவே, கிரிக்கெட் பார்ப்பதற்கான சலுகை சிம் கார்டோடு கட்டப்பட்டுவிட்டது. இன்னொரு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர் எந்த நிபந்தனையில் அதே ஆட்டத்தைப் பெறலாம் என்பதைத் தீர்மானிப்பது, அவர் சிம் நிறுவனத்தின் போட்டியாளர் குழுமம்.

அப்படியானால் உரிமைகளைப் பல பேருக்குப் பிரித்துக்கொடுப்பதே தீர்வா? பிரிட்டன் அனுபவம் இதற்கு எதிராகப் பேசுகிறது. 1992இல் பிரீமியர் லீக் கால்பந்தை 30.4 கோடி பவுண்டுக்கு வாங்கிய ஸ்கை நிறுவனம் பதினைந்து ஆண்டுகள் அதைத் தன்னந்தனியாக வைத்திருந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் அழுத்தத்தால் 2007 முதல் ஒரே நிறுவனம் எல்லா ஆட்டத்தையும் வாங்கக் கூடாது என்றானது. ஆறு தொகுப்புகளில் இரண்டு செட்டான்டா என்ற நிறுவனத்துக்குப் போயின. ரசிகருக்கு என்ன லாபம்? ஸ்கைக்கு ஒரு சந்தா, செட்டான்டாவுக்கு இன்னொரு சந்தா. ஒவ்வொரு ஆட்டமும் இன்னமும் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. செட்டான்டா 2009இல் நொடித்தது. அதன் இடத்துக்கு ஈஎஸ்பிஎன், பிறகு பிடி. நம் ஊரிலும் இந்திய அணியின் வெளிநாட்டுப் பயணங்களைத் தொடர்கிறவருக்கு இந்த அலைச்சல் தெரியும். ஒரு நாட்டுத் தொடர் சோனியில், 2022இல் நியூசிலாந்துத் தொடர் அமேசானில்.

இட்லி அரிசியை இரண்டு கடைகள் விற்றால் விலை இறங்கும். சென்னை-மும்பை ஆட்டத்தை ஒரு கடையிலும் சென்னை-பெங்களூர் ஆட்டத்தை இன்னொரு கடையிலும் விற்றால், இரண்டு கடைக்கும் போக வேண்டியதுதான். ஏலக் கூடத்தில் நடக்கும் போட்டி விற்பவருக்கு நன்மை. பார்ப்பவருக்கு நன்மை தரும் போட்டி நடக்க வேண்டிய இடம் வேறு.

அந்த இடத்தை பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2010இல் தொட்டது. ஸ்கை தன் ஸ்கை ஸ்போர்ட்ஸ் 1, 2 சேனல்களைப் போட்டி நிறுவனங்களுக்கு மொத்த விலையில், ஒழுங்குமுறை அமைப்பு நிர்ணயிக்கும் விலையில், கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. உரிமை ஸ்கையிடமே இருக்கட்டும்; சேனல் எல்லாரிடமும் கிடைக்கட்டும். நீண்ட வழக்குக்குப் பிறகு 2015இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது என்றாலும், அது சுட்டிய திசை சரி.

நமக்கு அந்தத் திசை புதிதல்ல. 2004 டிசம்பரிலேயே டிராய் ஒரு விதி போட்டுவிட்டது: எந்தச் சேனல் நிறுவனமும் தன் சமிக்ஞையைக் கேட்கிற ஒவ்வொரு கேபிள், டிடிஎச் நிறுவனத்துக்கும் பாரபட்சமின்றிக் கொடுக்க வேண்டும். இதற்கு மாறாக, அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகின் ஆட்டங்களின் தொகுப்பு பல்லாண்டுகள் டைரக்டிவி என்ற ஒரே டிஷ் நிறுவனத்திடம் மட்டும் இருந்தது. வேண்டியவர் தட்டையே மாற்ற வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் 2014இல் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கென்று தொடங்கிய சேனலை மற்ற நிறுவனங்கள் விலை காரணமாக எடுக்க மறுக்க, நகரத்தின் பெரும்பகுதி வீடுகள் 2020வரை சொந்த ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை. டைரக்டிவி போல ஒரே நிறுவனத்திடம் ஆட்டம் முடங்கும் கொடுமை நம் தொலைக்காட்சியில் நடக்காததற்கு 2004 விதிதான் காரணம். அரசு கேபிளானாலும் தனியார் டிஷ் ஆனாலும் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் கிடைக்கிறது. நம் ஒழுங்குமுறை வரலாற்றில் சந்தாதாரருக்கு இதைவிடப் பயன்பட்ட வரி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட வரியும் இல்லை.

அந்த வரி செயலிக்குப் பொருந்தாது என்பதுதான் இன்றைய பிரச்சினை. தொலைக்காட்சியில் தனியுரிமை சேனலோடு நின்றுவிடுகிறது. இணையத்தில் அது செயலிவரை, சிம் கார்டுவரை நீள்கிறது. கட்டண டிடிஎச் இணைப்புகள் 2020 வாக்கில் சுமார் 7 கோடி இருந்தவை 2025இல் 6 கோடிக்குக் கீழே போய்விட்டன. பார்வையாளர்கள் நகர்ந்துகொண்டிருக்கும் பக்கத்தில் பாதுகாப்பு இல்லை. பாதுகாப்பு இருக்கும் பக்கத்தில் பார்வையாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

தனியுரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களோடு ஒரு ஆட்டத்தைப் படமாக்குவதற்கும், விளம்பரம் விற்பதற்கும், பல மொழிகளில் வர்ணனை அமைப்பதற்கும் முதலீடு செய்கிறவருக்குத் தனி உரிமை இல்லையென்றால் யாரும் முன்வர மாட்டார்கள். வாரியத்துக்கு வரும் பணத்தில் ரஞ்சி ஆட்டக்காரர் சம்பளமும் மாநிலச் சங்கங்களின் மைதானங்களும் அடங்கியிருக்கின்றன. படமாக்கும் உரிமை, விளம்பர உரிமை இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். மக்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமை மட்டும் ஒருவரோடு முடியக் கூடாது. ஏலம் எடுத்தவர் தன் இணைய ஒளிபரப்பை, விளம்பரங்களோடு, பகிரங்கமாக அறிவித்த மொத்த விலையில் கேட்கிற ஒவ்வொரு செயலிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டும். சில்லறை விலையை ஆளுக்கொன்றாக அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஒரே ஆட்டத்தைப் பல கடைகள் விற்கும் நிலை அப்போதுதான் வரும். இதனால் ஏலத் தொகை குறையும்; நிச்சயம் குறையும். ஆட்டத்துக்கு 54.5 கோடியாக இருந்த ஐபிஎல் மதிப்பு ஒரே ஏலத்தில் 118 கோடிக்குத் தாவியது. அதில் ஒரு பங்கு சந்தாதாரர் சட்டைப்பையில் திரும்பி விழுந்தால் கிரிக்கெட் அழிந்துவிடாது.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐபிஎல், ஐசிசி ஒப்பந்தங்கள் இரண்டும் 2027இல் முடிகின்றன. வாரியத்தின் உள்நாட்டு ஒப்பந்தம் 2028 மார்ச்சில். 2022இல் மொத்தமாகக் கேட்பதைத் தன் டெண்டரில் ஒரு நிபந்தனையாகவே வாரியம் தடுத்தது. அடுத்த டெண்டரில் இணைய ஒளிபரப்பை எல்லாருக்கும் மொத்த விலையில் கொடுக்க வேண்டும் என்றும், ஏலம் எடுத்தவர் இன்னொரு உரிமையாளரோடு இணைந்தால் அந்த உரிமை வாரியத்திடமே திரும்பும் என்றும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க வாரியத்துக்கு யார் அனுமதியும் தேவையில்லை. மத்திய அரசு தன் பங்குக்கு 2007 சட்டத்தில் கேபிளையும் தனியார் டிடிஎச்சையும் சேர்த்துத் திருத்தினால், டிடி ஸ்போர்ட்ஸ் இந்த நாட்டின் எல்லா வீட்டிலும் ஒரே ஆட்டத்தைக் காட்டும்.